பயிற்றுநரை நீக்கினால் குழு திருந்திவிடுமா?

இங்கிலிஷ் பிரிமியர் லீக் ஆட்டங்கள் நம் நேரப்படி சனிக்கிழமை இரவு பத்து அல்லது பதினொரு மணிக்குத்தான் சூடு பிடிக்கும். வாரநாள் ஆட்டம் என்றால் விடியற்காலை மூன்று, நான்கு மணி. தூக்கத்தைத் தொலைத்து, சந்தா கட்டி, இருநூறு முந்நூறு வெள்ளிக்கு ஜெர்சி வாங்கி ஆதரிக்கும் குழு தொடர்ந்து நான்கைந்து ஆட்டங்களில் தோற்றால் கோபம் வராமல் இருக்காது. மறுநாள் வேலையிடத்திலும் மாமாக் கடையிலும் வாட்ஸ்அப் குழுவிலும் ஒரே பேச்சுதான். "இந்த ஆளை முதலில் வீட்டுக்கு அனுப்ப வேண்டும்" என்பார் ஒருவர். "புது ஆள் வந்தால் மட்டும் என்ன கிழித்துவிடுவார்? கொஞ்சம் அவகாசம் கொடுங்கள்" என்பார் இன்னொருவர்.

இரு தரப்பிலும் நியாயம் இருக்கிறது, இரு தரப்புக்கும் எடுத்துக்காட்டுகளும் இருக்கின்றன. ஆனால் பெரும்பாலும் நமக்குச் சாதகமான எடுத்துக்காட்டை மட்டும் எடுத்துப் பேசுகிறோம். பயிற்றுநரை மாற்றுவதால் உண்மையில் என்ன நடக்கிறது? எப்போது அது பலிக்கிறது, எப்போது பலிப்பதில்லை? நடந்த சம்பவங்களை வைத்தே பார்ப்போம்.

அதிகாரம் குறைந்தது, பழி குறையவில்லை

முன்பு இங்கிலாந்தில் 'மேனேஜர்' எனப்பட்டவர் குழுவின் சகலமுமாக இருந்தார். யாரை வாங்குவது, யாரை விற்பது, இளையர் பிரிவை எப்படி நடத்துவது என எல்லாமே அவர் கையில் இருந்தது. இன்று பெரும்பாலான மன்றங்களில் விளையாட்டு இயக்குநர் என்று தனியாக ஒருவர் இருக்கிறார். ஆட்டக்காரர்களைத் தேடிக் கண்டுபிடிக்க ஒரு பிரிவு, புள்ளிவிவரங்களை ஆராய ஒரு பிரிவு, ஒப்பந்தம் பேச ஒரு பிரிவு என்று வேலை பிரிந்துவிட்டது. பல மன்றங்களில் பதவியின் பெயரே 'தலைமைப் பயிற்றுநர்' என்று மாறிவிட்டது.

ஆனால் தோல்விக்குப் பிறகு ஒலிவாங்கி முன் வந்து நிற்பவர் பயிற்றுநர் ஒருவர்தான். தவறான ஆட்டக்காரரைப் பெருந்தொகை கொடுத்து வாங்கியவர் யார் என்று ரசிகர்களுக்குத் தெரியாது, பயிற்றுநரின் முகம் மட்டும் எல்லாருக்கும் தெரியும். 25 ஆட்டக்காரர்களை ஒரே நாளில் மாற்ற முடியாது, ஒரு பயிற்றுநரை ஒரே நாளில் மாற்றிவிடலாம். அவர் தலை முதலில் உருளுவதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டியதில்லை.

மாற்றம் பலித்த கதைகள்

நீக்கச் சொல்பவர்கள் முதலில் சுட்டுவது செல்சி மன்றத்தை. 2012 மார்ச்சில் அது ஆன்ட்ரே வில்லாஸ் போவாசை நீக்கிவிட்டு, அவருடைய துணைப் பயிற்றுநர் ராபர்ட்டோ டி மாட்டியோவிடம் பொறுப்பைக் கொடுத்தது. அதே ஆண்டு மே மாதம் மியூனிக்கில், பாயர்ன் மியூனிக்கை அதன் சொந்தத் திடலிலேயே பெனால்டியில் வீழ்த்தி சாம்பியன்ஸ் லீக் கிண்ணத்தை வென்றது. 2021 ஜனவரியில் பட்டியலில் ஒன்பதாம் இடத்தில் இருந்தபோது ஃபிராங்க் லம்பார்டை நீக்கி தாமஸ் டூக்கலை அழைத்து வந்தது. மே மாதம் மறுபடியும் சாம்பியன்ஸ் லீக் கிண்ணம்.

ஆஸ்டன் வில்லா இன்னொரு நல்ல எடுத்துக்காட்டு. 2022 அக்டோபரில் ஸ்டீவன் ஜெராட் நீக்கப்பட்டபோது அது 17ஆம் இடத்தில் தத்தளித்துக்கொண்டிருந்தது. உனாய் எமெரி வந்தார். அந்தப் பருவத்தை ஏழாம் இடத்தில் முடித்த வில்லா, அடுத்த பருவத்தில் நான்காம் இடம் பிடித்து சாம்பியன்ஸ் லீக் போட்டிக்குத் தகுதி பெற்றது. ஆட்டக்காரர்களில் பெரும்பாலோர் அதே ஆட்கள்தான்.

லெஸ்டர் சிட்டியின் கதை கொஞ்சம் கசப்பானது. 2016இல் யாரும் எதிர்பாராத வகையில் லீக் கிண்ணத்தை வென்று தந்த கிளாடியோ ரனியெரியை ஒன்பதே மாதத்தில், 2017 பிப்ரவரியில் நீக்கினார்கள். நன்றி கெட்ட செயல் என்று உலகமே திட்டியது. ஆனால் பொறுப்பேற்ற கிரெய்க் ஷேக்ஸ்பியர் முதல் ஐந்து லீக் ஆட்டங்களையும் வென்றார். தரமிறங்கும் ஆபத்தில் இருந்த குழு 12ஆம் இடத்தில் முடித்தது. அந்த ஷேக்ஸ்பியரையும் அதே ஆண்டு அக்டோபரில் நீக்கிவிட்டார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

மலேசிய முதலாளிகள் கற்ற பாடம்

மறுபக்கத்தைப் பார்க்க வெகுதூரம் போக வேண்டாம். மலேசியர்கள் முதலாளிகளாக இருந்த இரண்டு மன்றங்களின் கதை போதும்.

டோனி ஃபெர்னாண்டஸ் 2011இல் குயின்ஸ் பார்க் ரேஞ்சர்சின் பெரும்பங்கை வாங்கினார். 2012-13 பருவத்தில் மார்க் ஹியூசின் தலைமையில் முதல் 12 ஆட்டங்களில் ஒரு வெற்றிகூட இல்லை. கிடைத்தவை நான்கே புள்ளிகள். நவம்பரில் அவர் போனார், அனுபவசாலியான ஹேரி ரெட்நேப் வந்தார். ஜனவரியில் லோயிக் ரெமி, கிறிஸ்டோஃபர் சம்பா போன்றோரும் வாங்கப்பட்டனர். மீதமிருந்த 26 ஆட்டங்களில் 21 புள்ளிகள் கிடைத்தன. முன்பைவிட மேல்தான், ஆனால் போதவில்லை. மொத்தம் 25 புள்ளிகளுடன் கடைசி இடம் பிடித்துத் தரமிறங்கியது. பள்ளத்தின் ஆழத்துக்குப் புதிய பயிற்றுநரின் ஏணி எட்டவில்லை.

வின்சென்ட் டானின் கார்டிஃப் சிட்டி இன்னும் தெளிவான கணக்கைத் தருகிறது. மால்கி மெக்காய் அந்தக் குழுவை அரை நூற்றாண்டுக்குப் பிறகு முதல்நிலை லீக்குக்கு உயர்த்தியவர். 2013 டிசம்பர் 27ஆம் தேதி அவர் நீக்கப்பட்டபோது கார்டிஃப் 18 ஆட்டங்களில் 17 புள்ளிகளுடன் 16ஆம் இடத்தில், தரமிறங்கும் வட்டத்துக்குச் சற்று மேலே இருந்தது. ரசிகர்கள் அவர் பக்கம் நின்றார்கள். ஏற்கெனவே நீல ஜெர்சியைச் சிவப்பாக மாற்றியதில் முதலாளிமீது அவர்களுக்குக் கோபம் இருந்தது. புதிதாக வந்த ஒலே குன்னார் சோல்ஷயரும் அந்தப் பருவத்தில் 18 லீக் ஆட்டங்களுக்குத்தான் பொறுப்பேற்றார். கிடைத்தவை 12 புள்ளிகள். கார்டிஃப் 30 புள்ளிகளுடன் 20ஆம் இடத்தில் முடித்துத் தரமிறங்கியது.

அதே எண்ணிக்கை ஆட்டங்கள், ஏறக்குறைய அதே ஆட்டக்காரர்கள். இரண்டு பாதிகளிலும் எதிர்கொண்ட குழுக்களும் வரிசையும் சரிசமமாக இருக்க முடியாதுதான். இருந்தாலும், மாற்றினால் எப்படியும் மேலே போகலாம் என்ற நம்பிக்கைக்கு இது நல்ல பதில்.

மான்செஸ்டர் யுனைடெட்டும் சமீபத்தில் இதே கணக்கைப் போட்டுக் காட்டியது. 2024-25 பருவத்தில் எரிக் டென் ஹாக் ஒன்பது ஆட்டங்களில் 11 புள்ளிகள் பெற்று, அக்டோபர் 28ஆம் தேதி நீக்கப்பட்டார். இடைக்காலத்தில் ருட் வேன் நிஸ்டல்ராய் இரண்டு லீக் ஆட்டங்களில் நான்கு புள்ளிகள் எடுத்தார். பிறகு வந்த ரூபன் அமோரிம் 27 ஆட்டங்களில் 27 புள்ளிகள். முடிவில் 15ஆம் இடம். மூன்று தற்காப்பாளர்களை வைத்து ஆடும் அமோரிமின் வியூகத்துக்காக வாங்கப்பட்ட ஆட்டக்காரர்கள் அல்லர் அவர்கள். பருவத்தின் நடுவில் வருபவர் பழைய தையற்காரர் வெட்டிவைத்த துணியில்தான் புதிய சட்டை தைக்க வேண்டியிருக்கிறது.

புது ஆள் வந்ததும் வெற்றி வருவது ஏன்?

புதிய பயிற்றுநர் வந்த முதல் சில வாரங்களில் குழு எழுந்து நிற்பதைப் பலமுறை பார்த்திருக்கிறோம். ஒதுக்கப்பட்ட ஆட்டக்காரர்களுக்குப் புது வாய்ப்பு, பயிற்சியில் போட்டி, எதிரணிக்குத் தெரியாத வியூகம் எல்லாம் அதற்குக் காரணமாக இருக்கலாம். ஆனால் இன்னொரு காரணமும் உண்டு. அதைப் பலர் கவனிப்பதில்லை.

ஒரு மாணவியை எடுத்துக்கொள்வோம். கணிதத்தில் வழக்கமாக 70 மதிப்பெண்ணை ஒட்டி எடுப்பவள் ஒரு தேர்வில் 45 வாங்கிவிடுகிறாள். காய்ச்சலாக இருந்திருக்கலாம், படிக்காத பாடத்திலிருந்து கேள்வி வந்திருக்கலாம். பெற்றோர் பதறிப்போய் டியூஷன் ஆசிரியரை மாற்றுகிறார்கள். அடுத்த தேர்வில் 68 எடுக்கிறாள். புதிய ஆசிரியருக்குப் பாராட்டு குவிகிறது. ஆனால் பழைய ஆசிரியரே இருந்திருந்தாலும் அவள் தன் வழக்கமான நிலைக்குத் திரும்பியிருக்கக்கூடும்.

காற்பந்திலும் இதே கதைதான். பந்து கம்பத்தில் பட்டுத் திரும்புவது, முக்கிய ஆட்டக்காரர் காயமடைவது, வரிசையாகப் பலமான குழுக்களை எதிர்கொள்வது எல்லாம் ஒரே மாதத்தில் சேர்ந்து வந்தால் குழு அதன் உண்மையான தரத்தைவிடக் கீழே போய்விடும். பயிற்றுநர்கள் நீக்கப்படுவது பெரும்பாலும் அந்த அடிமட்டத்தில்தான். அங்கிருந்து போகும் வழி மேல்நோக்கித்தான் இருக்கும்.

நெதர்லாந்துப் பொருளியல் அறிஞர் பாஸ் டெர் வீல் இதைச் சோதித்துப் பார்த்தார். அந்நாட்டு முதல்நிலை லீக்கில் 1986 முதல் 2004 வரை நடந்த பயிற்றுநர் மாற்றங்களை ஆராய்ந்தார். நீக்கத்துக்குப் பிறகு குழுக்கள் மீண்டது உண்மைதான். ஆனால் அதே அளவு சறுக்கியும் பயிற்றுநரை நீக்காமல் வைத்திருந்த குழுக்களோடு ஒப்பிட்டபோது, அவையும் அதேபோல மீண்டிருந்தன. 2011இல் வெளிவந்த அந்த ஆய்வின்படி, மாற்றத்தால் மட்டும் கிடைத்த பலன் என்று சொல்ல பெரிதாக எதுவும் இல்லை.

ஆஸ்டன் வில்லாவின் கதை பொய் என்று இதற்குப் பொருள் இல்லை. ஆய்வு சொல்வது சராசரியை. சில மாற்றங்கள் நன்றாகப் பலிக்கின்றன, சில மாற்றங்கள் நிலைமையை மோசமாக்குகின்றன, கூட்டிக் கழித்துப் பார்த்தால் கையில் நிற்பது கொஞ்சம்தான்.

பொறுமைக்கும் ஓர் எல்லை உண்டு

அவகாசம் கேட்பவர்கள் கையில் இருக்கும் பெரிய துருப்புச் சீட்டு சர் அலெக்ஸ் ஃபெர்கசன். 1986 நவம்பரில் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு வந்தவர் 1989-90 பருவத்தை 13ஆம் இடத்தில் முடித்தார். அந்தப் பருவத்தில் மான்செஸ்டர் சிட்டியிடம் 5-1 என்று தோற்றார். மூன்று ஆண்டு சாக்குப்போக்கு போதும், போய் வாருங்கள் என்ற பொருளில் ஓல்ட் டிராஃபர்ட் திடலிலேயே ரசிகர்கள் பதாகை பிடித்தார்கள். 1990 ஜனவரியில் எஃப்ஏ கிண்ணத்தில் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட்டுக்கு எதிராக மார்க் ராபின்ஸ் போட்ட ஒரு கோல் கைகொடுத்தது. அந்த ஆண்டு எஃப்ஏ கிண்ணம் கிடைத்தது. முதல் லீக் கிண்ணம் 1993இல்தான். 2013இல் ஓய்வு பெற்றபோது அவர் வென்ற லீக் கிண்ணங்கள் 13.

நம் காலத்து எடுத்துக்காட்டு ஆர்சனலின் மிக்கேல் ஆர்டெட்டா. இரண்டு பருவங்கள் தொடர்ந்து எட்டாம் இடம். 2021 ஆகஸ்டில் முதல் மூன்று ஆட்டங்களிலும் தோல்வி, ஒரு கோல்கூட இல்லை, பட்டியலில் கடைசி இடம். ஆர்சனல் ரசிகர்களில் பாதிப் பேர் அப்போதே அவரை வழியனுப்பிவிட்டார்கள். மன்றம் அனுப்பவில்லை. 2023, 2024, 2025 என மூன்று பருவங்கள் தொடர்ந்து ஆர்சனல் இரண்டாம் இடத்தில் முடித்தது.

ஆனால் இந்த வாதத்திலும் ஓர் ஓட்டை இருக்கிறது. பொறுமை பலித்த கதைகள் மட்டுமே நம் நினைவில் நிற்கின்றன. பொறுத்துப் பொறுத்துப் பார்த்துத் தரமிறங்கிய குழுக்களைப் பற்றி யாரும் புத்தகம் எழுதுவதில்லை. தடுமாறுகிற ஒவ்வொருவரும் ஃபெர்கசன் ஆகிவிடப் போவதில்லை. ஃபெர்கசனும் ஆர்டெட்டாவும் தோற்றுக்கொண்டிருந்த காலத்திலும் அடித்தளத்தில் மாற்றம் தெரிந்தது. ஃபெர்கசன் இளையர் பிரிவைச் சீரமைத்தார். ஆர்டெட்டா அதிகச் சம்பளம் வாங்கிய மூத்த ஆட்டக்காரர்களை விடுவித்துவிட்டு இளையர்களைக் கொண்டு குழுவைக் கட்டினார். பொறுமை காக்க வேண்டும் என்றால், எதற்காகக் காக்கிறோம் என்று சொல்ல முடிய வேண்டும்.

நீக்குவதற்கும் விலை உண்டு

பயிற்றுநரை அனுப்புவது இலவசம் அல்ல. ஒப்பந்தத்தில் மீதமுள்ள காலத்துக்கு இழப்பீடு தர வேண்டும். அவரோடு வந்த துணைப் பயிற்றுநர்களுக்கும் தர வேண்டும். 2018 டிசம்பரில் ஜோசே மொரின்யோவையும் அவர் உதவியாளர்களையும் அனுப்பியதற்கு மான்செஸ்டர் யுனைடெட் தன் கணக்கில் காட்டிய தொகை 19.6 மில்லியன் பவுண்ட். டென் ஹாக் விவகாரம் தும்பை விட்டு வாலைப் பிடித்த கதை. 2024 ஜூலையில் அவருடைய ஒப்பந்தத்தை நீட்டித்தார்கள், அக்டோபரில் நீக்கினார்கள். அவருக்கும் அவர் குழுவினருக்கும் ஆன செலவு சுமார் 10 மில்லியன் பவுண்ட். அமோரிமை ஸ்போர்ட்டிங் மன்றத்திலிருந்து விடுவிக்க ஏறக்குறைய 11 மில்லியன் யூரோ.

பிறகு ஏன் நீக்குகிறார்கள்? பிரிமியர் லீக்கிலிருந்து தரமிறங்கினால் தொலைக்காட்சி வருமானத்தில் ஏற்படும் இழப்பு இதைவிடப் பல மடங்கு. அந்த ஆபத்துக்கு முன் பத்து மில்லியன் பெரிதாகத் தெரிவதில்லை. ஜனவரியில் ஆட்டக்காரர்களை வாங்கும் சந்தை திறப்பதற்குள் புதிய பயிற்றுநர் வந்துவிட வேண்டும் என்பதால்தான் அக்டோபர் முதல் டிசம்பர் வரை இத்தனை பேர் வேலை இழக்கிறார்கள். திடலில் ரசிகர்களின் கூச்சல் முதலாளியின் பக்கம் திரும்புவதற்குள் பயிற்றுநரைப் பலிக்கடா ஆக்கிவிடும் பழக்கமும் உண்டு.

நம் நாட்டுக் குழுக்களுக்கு இது பொருந்துமா?

தேசியக் குழுவுக்கு வந்தால் கணக்கு வேறு. தேசியப் பயிற்றுநருக்கு ஆண்டில் சில வாரங்கள்தான் ஆட்டக்காரர்கள் கிடைப்பார்கள். அவர் சந்தைக்குப் போய்க் கோல் போடுபவரை வாங்கிவர முடியாது. உள்ளூர் லீக் எதை உருவாக்கித் தருகிறதோ அதை வைத்துத்தான் சமைக்க வேண்டும்.

2010 டிசம்பர் 1ஆம் தேதி ஜகார்த்தாவில் மலேசியா இந்தோனேசியாவிடம் 5-1 என்று தோற்றது. அப்போது பயிற்றுநர் கே. ராஜகோபால். முந்தைய ஆண்டு லாவோஸ் சீ விளையாட்டில் 20 ஆண்டுகளுக்குப் பிறகு தங்கம் வென்று தந்தவர். அந்த ஓர் இரவை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதியிருந்தால் அவர் கதை அங்கேயே முடிந்திருக்கும். அதே மாதம் 26ஆம் தேதி புக்கிட் ஜாலில் அரங்கில் அதே இந்தோனேசியாவை 3-0 என்று வென்றது மலேசியா. 29ஆம் தேதி ஜகார்த்தாவில் 2-1 என்று தோற்றாலும், மொத்தம் 4-2 என்ற கணக்கில் ஆசியான் கிண்ணத்தை முதன்முறையாக வென்றது. நம்மவர் ஒருவர் நாட்டுக்குத் தேடித் தந்த பெருமை அது. இடையில் கடந்தவை 28 நாள்கள்தான்.

சிங்கப்பூரில் ராடோய்கோ அவ்ராமோவிச் 2003 முதல் 2012 வரை பொறுப்பில் இருந்தார். 2010இல் குழு முதல் சுற்றிலேயே வெளியேறியது. அவரை வைத்துக்கொண்டார்கள். 2012இல் அவர் மூன்றாவது முறையாக வட்டாரக் கிண்ணத்தை வென்று தந்துவிட்டு விடைபெற்றார். அதன்பின் 2014இல் பெர்ன்ட் ஸ்டாங்க, 2016இல் வி. சுந்தரமூர்த்தி, 2018இல் ஃபாண்டி அகமது என மூன்று போட்டிகளுக்கு மூன்று பயிற்றுநர்கள். மூன்றிலும் முதல் சுற்றோடு சரி. சுந்தரமூர்த்தியும் ஃபாண்டியும் ஆட்டக்காரர்களாக இருந்தபோது அரங்கத்தை நிரப்பியவர்கள். அவர்கள் மூவரும் ஒரே மாதிரி தவறு செய்தார்கள் என்பதைவிட, மூவருக்கும் ஒரே சமையலறைதான் கிடைத்தது என்பதே பொருத்தமான விளக்கம்.

வாதத்துக்கு முன் சில கேள்விகள்

அடுத்த முறை உங்கள் குழு சறுக்கும்போது, நீக்க வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ சொல்வதற்கு முன் சிலவற்றைப் பார்த்துக்கொள்ளலாம்.

குழு தோற்றாலும் கோல் வாய்ப்புகளை உருவாக்குகிறதா? உருவாக்கித் தவறவிடும் குழு பெரும்பாலும் மீளும். வாய்ப்பே உருவாக்காத குழுவுக்குச் சிக்கல் ஆழமானது. இதைக் கணக்கிட்டுச் சொல்லும் 'எதிர்பார்க்கும் கோல்' புள்ளிவிவரம் இப்போது இணையத்தில் எளிதாகக் கிடைக்கிறது. தோல்விகள் யாரிடம், எங்கே வந்தன? காயமடைந்தோர் எத்தனை பேர்? 80ஆவது நிமிடத்திலும் ஆட்டக்காரர்கள் ஓடுகிறார்களா, கையை விரித்துக்கொண்டு நிற்கிறார்களா? உடைமாற்றும் அறையில் நம்பிக்கை போய்விட்டால் அதைத் திரும்பக் கொண்டுவருவது பழைய பயிற்றுநருக்கு மிகவும் கடினம். நீக்கம் நியாயமாகும் இடம் பெரும்பாலும் அதுதான்.

எல்லாவற்றையும்விட முக்கியமான கேள்வி, அடுத்து வரப்போவது யார்? வில்லா ஜெராடை அனுப்பிய சில நாள்களிலேயே எமெரியை உறுதிசெய்துவிட்டது. கையில் இருந்த ஆட்டக்காரர்களுக்கு அவர் முறை பொருந்தியது. போக வேண்டியவரின் பெயரை மட்டும் சொல்லி, வர வேண்டியவரின் பெயரைச் சொல்ல முடியாத வாதம் பாதி வாதம்தான்.

இன்னொன்றும் உண்டு. பயிற்றுநரின் வியூகத்தைத் திட்டலாம், மாற்று ஆட்டக்காரரைத் தாமதமாக இறக்கியதைத் திட்டலாம். காசு கொடுத்து, கண் விழித்துப் பார்க்கும் ரசிகருக்கு அந்த உரிமை இருக்கிறது. அவர் குடும்பத்தையும் இனத்தையும் இழுத்துச் சமூக ஊடகத்தில் வசைபாடுவது காற்பந்து விவாதத்தில் சேராது. பிரிமியர் லீக் பயிற்றுநர் பல மில்லியன் இழப்பீட்டோடு வீட்டுக்குப் போவார். இங்கே உள்ளூர்க் குழுவுக்கோ தேசியக் குழுவுக்கோ பயிற்சி தருபவர், மறுநாள் காலை நாம் பசியாறும் அதே கடைக்கு வருபவராக இருக்கலாம். அவர் பிள்ளைகள் நம் பிள்ளைகளோடு ஒரே பள்ளியில் படிக்கக்கூடும். அவரைப் பற்றி எழுதும்போது இதையும் நினைவில் வைத்துக்கொள்வோம்.